உடலில் அணியும் சிற்பங்களும் நாம் வெளியே சொல்லாத காயங்களும்

சுவிற்சர்லாந்தின் நியூஷாத்தெல் நகரில் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஒரு புதுவிதமான மருந்துச்சீட்டு நடைமுறையில் இருக்கிறது. வைத்தியர் பொருத்தம் என்று கருதினால், நோயாளியை அருங்காட்சியகத்துக்குப் போய்வரும்படி சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். நகரிலுள்ள நான்கு அருங்காட்சியகங்களில் எதற்கும் அந்தச் சீட்டோடு போகலாம். நுழைவுக் கட்டணத்தை அரச நிர்வாகம் ஏற்றுக்கொள்கிறது. இது இரண்டு வருடப் பரீட்சார்த்தத் திட்டம். ஒதுக்கிய தொகை 10,000 பிராங். வைத்தியர்களிடம் கொடுத்த சீட்டுகள் ஏறத்தாழ 500. கணக்குப் பார்த்தால் ஒரு சீட்டுக்கு 20 பிராங் வருகிறது. சுவிஸில் இரண்டு பேர் கடையில் மதியச் சாப்பாடு சாப்பிட அந்தக் காசு போதாது.

இதை முதலில் தொடங்கியது சுவிஸ் அல்ல. கனடாவில் மொன்றியல் நுண்கலை அருங்காட்சியகம் 2018இல் பிரெஞ்சு மொழி பேசும் வைத்தியர்களின் சங்கத்தோடு சேர்ந்து இதே வழியைத் திறந்தது. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்கள் நோயாளியைத் தோட்ட வேலைக்கும் பாட்டுக் குழுவுக்கும் கலை வகுப்புக்கும் அனுப்பும் முறை சுகாதார சேவையின் ஒரு பகுதியாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் வெளியிட்ட அறிக்கை, 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. நியூஷாத்தெல் நகரசபைக்கும் அந்த அறிக்கையே தூண்டுதல்.

இந்தச் செய்தி நம் வீடுகளில் அதிகம் பேசப்படவில்லை. ஓவியம் பார்த்தால் வருத்தம் மாறுமா என்று கேட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கலை என்றால் சுவரில் மாட்டிய படம் மட்டுமல்ல. கடந்த ஐம்பது, அறுபது வருடங்களில் மனவலியைப் பற்றி மிக நேராகப் பேசிய கலைகளில் ஒன்று உடலில் அணியும் சிற்பம். போரையும் தடுப்பு முகாமையும் அகதி விசாரணையையும் கடந்து வந்த நமக்கு அதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரை ஆராய்கிறது.

உடலில் அணியும் சிற்பம் என்பது உடுப்பும் அல்ல, நகையும் அல்ல. கம்பி, துணி, மரச்சுள்ளி, இறகு, பழைய சாமான் என்று எதிலும் செய்யலாம். ஓர் உடல் அதற்குள் புகுந்தால்தான் அது முழுமையாகும். சிற்பத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது வழக்கம். இங்கே சிற்பமே மனிதரோடு சேர்ந்து நடக்கிறது.

படுக்கையில் தொடங்கிய வேலை

ஜேர்மனியக் கலைஞர் றெபேக்கா ஹோர்ன் 2024 செப்ரெம்பரில் தனது 80ஆவது வயதில் காலமானார். அதே வருடம் மியூனிக் நகரில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் பெரிய கண்காட்சி நடந்திருந்தது. ஹம்பேர்க்கில் கலை மாணவியாக இருந்த காலத்தில் கண்ணாடி நாரும் பொலியெஸ்ரரும் கொண்டு சிற்பம் செய்தவர் அவர். முகமூடி இல்லாமல் வேலை செய்ததால் அந்த நச்சு நுரையீரலுக்குள் போய்விட்டது. நீண்ட காலம் சிகிச்சை நிலையத்தில் தனியே படுத்திருக்க வேண்டி வந்தது. அந்தக் காலத்தில்தான் பெற்றோரையும் இழந்தார்.

படுக்கையில் இருப்பவரால் பாரமான பொருளைத் தூக்க முடியாது. துணியும் பஞ்சும் ஊசியும் நூலும் மட்டும் கைக்கு எட்டும். அவற்றைக் கொண்டு உடலை நீட்டிக்கும் பொருட்களை வரைந்தார், தைத்தார். 1972இல் அவர் செய்த கையுறையில் விரல்கள் நிலத்தைத் தொடும் அளவுக்கு நீளமானவை. நின்றபடியே தூரத்தில் இருப்பதைத் தொடலாம். ஆனால் தொடுவதற்கும் தொடப்படுவதற்கும் இடையில் எப்போதும் ஒரு நீளம் இருக்கும். அதே வருடம் செய்த இன்னொன்று பென்சில்கள் பொருத்திய முகக்கவசம். அதை அணிந்தவர் சுவரருகே முகத்தை அசைத்தால் சுவரில் கோடுகள் விழும்.

தனிமை என்ற சொல்லை அவர் அதிகம் விளக்கவில்லை. அந்தக் கையுறையைப் பார்ப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர்களுக்கும், தொலைபேசியில் மட்டும் தாயின் குரலைக் கேட்டுப் பத்து வருடம் கழித்தவர்களுக்கும் அந்தத் தூரம் தெரியும்.

இலக்கத்தின் மேல் தைத்த பெயர்

ஹோர்ன் கலை படித்தவர். அவருக்குப் பல காலம் முன்பே, கலை என்ற எண்ணமே இல்லாமல் இதைச் செய்தவர்கள் உண்டு. ஆக்னஸ் ரிக்டர் ஜேர்மனியில் டிரெஸ்டன் பகுதியைச் சேர்ந்த தையற்காரி. 1890களில் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டார். விடுதி கொடுத்த சணல் துணியிலேயே தன் அளவுக்கு ஒரு சிறிய சட்டை தைத்து, அதன் உள்ளும் புறமும் நூலால் எழுதினார். எழுத்தின் மேல் எழுத்து விழுந்து பல வரிகள் இன்று வாசிக்க முடியாதவை. வாசிக்கக் கூடியவற்றில் "நான்", "என்" என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சலவைக்காக விடுதி அவருக்குக் கொடுத்திருந்த 583 என்ற இலக்கமும் வருகிறது. அந்தச் சட்டை இப்போது ஹைடெல்பேர்க் நகரில், பிரின்ஸ்ஹோர்ன் சேகரிப்பில் இருக்கிறது.

இலக்கத்தால் அழைக்கப்பட்ட ஒரு பெண், அந்த இலக்கத்தை மறைக்கவில்லை. அதைச் சுற்றி "நான்" என்று தைத்தார். அகதி அட்டை இலக்கம், உள்துறைக் கோப்பு இலக்கம், முகாமில் கொடுத்த இலக்கம் என்று வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

பிரேசில் நாட்டின் ஆர்தூர் பிஸ்போ டோ ரொசாரியோ கடற்படையில் வேலை செய்தவர், குத்துச்சண்டை வீரர். 1938 டிசம்பரில் தனக்குத் தெய்வக் காட்சி தோன்றியதாகச் சொன்னார். அதன்பின் வாழ்நாளில் பெரும்பகுதியை றியோ டி ஜெனெய்ரோவின் மனநோய் விடுதியில் கழித்தார். 1989இல் அங்கேயே இறந்தார். விடுதிச் சீருடையின் நீல நூலை இழை இழையாகப் பிரித்தெடுத்து, அதே நூலால் நூற்றுக்கணக்கான பொருட்களைச் செய்தார். அவற்றில் ஒன்று, ஒரு போர்வையில் செய்த மேலங்கி. வெளிப்புறம் முழுக்கச் சித்திரத் தையல். உட்புறத்தில் தான் அறிந்த மனிதர்களின் பெயர்கள். இறுதித் தீர்ப்பு நாளில் அதை அணிந்துகொண்டு கடவுளின் முன்னால் நிற்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவர் இறந்து ஆறு வருடங்களுக்குப் பின், 1995இல், வெனிஸ் கலை விழாவில் பிரேசிலின் சார்பில் அவருடைய படைப்புகள் வைக்கப்பட்டன.

பெயர்கள் உட்புறத்தில் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பார்ப்பவருக்கு அவை தெரியாது. அணிந்தவரின் உடம்பில் மட்டும் படும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களின் போராட்டத்தில் தாய்மார் படங்களை நெஞ்சோடு பிடித்தபடி உட்கார்ந்திருப்பதை நாம் வருடக்கணக்காகப் பார்க்கிறோம். அவர்கள் படத்தை உலகம் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பிடிக்கிறார்கள். அதே பெயர்களைப் புலம்பெயர்ந்த வீடுகளில் பலர் உட்புறமாகவே சுமக்கிறார்கள். ஒன்று போராட்டம், மற்றது துக்கம். இரண்டுக்கும் இடம் வேண்டும்.

பயத்துக்கு ஒரு கவசம், பேச்சுக்கு ஒரு கருவி

1991 மார்ச்சில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ரொட்னி கிங் என்ற கறுப்பின மனிதரைப் பொலிஸார் அடித்த காட்சியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. சிக்காகோவில் கலை ஆசிரியராக இருந்த நிக் கேவ் அந்தக் காட்சிக்குப் பின் ஒரு பூங்காவில் உட்கார்ந்து, கீழே விழுந்து கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கினார். எவரும் பொருட்படுத்தாமல் எறிந்தவை அவை. அவற்றைச் சிறு துண்டுகளாக்கித் துணியில் கோர்த்தார். ஒரு சிற்பம் செய்வதாகத்தான் நினைத்திருந்தார். செய்து முடித்தபின் அதற்குள் புகுந்து பார்த்தால் நடக்க முடிந்தது. நடந்தபோது சத்தம் வந்தது. அதனால் அவற்றுக்கு ஒலியங்கிகள் என்ற பொருளில் பெயர் வைத்தார். இதுவரை 500க்கும் மேற்பட்டவற்றைச் செய்திருக்கிறார்.

அந்த அங்கிக்குள் இருப்பவர் கறுப்பரா வெள்ளையரா, ஆணா பெண்ணா, பணக்காரரா ஏழையா என்று தெரியாது. தோலைப் பார்த்துத் தீர்மானிக்கும் கண்ணிடமிருந்து அது உடலைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஒளிந்துகொள்ள முடியாத அளவுக்குச் சத்தமும் போடுகிறது. பயத்திலிருந்து பாதுகாப்பும், கேட்கப்பட வேண்டும் என்ற ஆசையும் ஒரே பொருளில் சேர்ந்திருக்கின்றன.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் கிறிஸ்டோவ் வொடிச்கோ. 1943இல் வார்சோவில் பிறந்து, 1977இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். 1990களின் தொடக்கத்தில் குடியேறிகளுக்காகவே சில கருவிகளைச் செய்தார். ஒன்று கைத்தடி. அதன் உச்சியில் சிறிய திரை, அதில் தடியைப் பிடித்திருப்பவரின் முகமும் கதையும் ஓடும். தடியின் நடுப்பகுதியில் கண்ணாடி அறைகள், அவற்றுக்குள் அவருடைய விசா, நிராகரிப்புக் கடிதம், குடும்பப் படம் போன்றவை. இன்னொன்று வாயின் மேல் அணியும் கருவி. அணிந்தவரின் சொந்த வாய் மூடப்பட்டிருக்கும். அதன் மேலுள்ள திரையில் அவருடைய உதடுகள், முன்பே பதிவு செய்த அவருடைய வார்த்தைகளைப் பேசும். பாரிஸ் உட்பட ஐரோப்பிய நகரங்களில் குடியேறிகள் இவற்றை அணிந்து தெருவில் நடந்தார்கள். வழியில் போனவர்கள் நின்று கேட்டார்கள், கேள்வி கேட்டார்கள், சிலர் வாக்குவாதப்பட்டார்கள்.

மொழி தெரியாத ஊரில் வாய் இருந்தும் பேச முடியாதவரின் நிலையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய ஒன்றை நான் பார்த்ததில்லை. வைத்தியரின் அறையில் பிள்ளை மொழிபெயர்க்க, தாய் தன் உடம்பில் நடந்ததைச் சொல்ல முடியாமல் "தலையிடி என்று சொல்லு" என்று நிறுத்திக்கொள்ளும் காட்சி எத்தனை குடும்பங்களில் நடந்திருக்கும்!

சாட்சியமாகிப் போன வலி

இனி நம் பக்கம் வருவோம். போர் முடிந்து சில மாதங்களில், 2009 யூலைக்கும் செப்ரெம்பருக்கும் இடையில், யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. 7 வீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய், 32.6 வீதமானோருக்குப் பதகளிப்பு அறிகுறிகள், 22.2 வீதமானோருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் என்று அது சொன்னது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் மனநல வைத்தியராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், இந்தப் பாதிப்பு தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்படுகின்றன என்று பல வருடங்களாக எழுதி வருகிறார்.

அந்தக் காயத்தோடு விமானம் ஏறியவர்களுக்கு இங்கே கிடைத்த முதல் கேட்பவர் யார்? உள்துறை அலுவலர். முதல் கேள்வி என்ன? திகதி, இடம், எத்தனை பேர், எந்தக் கை. சொல்வது முன்பு சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு மாதம் மாறினாலும் நம்பகத்தன்மை இல்லை என்று கடிதம் வரும்.

பிரித்தானியாவில் கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஓர் ஈழத்தமிழரின் வழக்கு இதற்குச் சாட்சி. சூடாக்கிய கம்பியால் சுட்ட தழும்புகள் அவருடைய முதுகிலும் வலது கையிலும் இருந்தன. சித்திரவதையால் வந்தவை என்றார். அகதித் தஞ்சத்துக்காகத் தானே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்ற வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மார்ச் 6ஆம் திகதி ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அவருடைய மேன்முறையீட்டை ஏற்று, வழக்கை மீண்டும் விசாரிக்க அனுப்பினார்கள். தஞ்சம் கோருபவர்கள் தமக்குத் தாமே இப்படிச் செய்துகொண்டதற்கான சான்று ஏறத்தாழ இல்லை என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

முதுகில் கண்ணுக்குத் தெரியும் தழும்புக்கே எட்டு வருடங்கள் போராட வேண்டியிருந்தது. தழும்பே இல்லாத காயத்துக்கு என்ன கதி?

நான் தொழிலில் கணக்காளன். ரசீது இல்லாத செலவைக் கணக்கில் ஏற்றுவது எவ்வளவு கடினம் என்று தெரியும். நம்முடைய சனங்கள் பல பத்தாண்டுகளாகத் தங்கள் வலிக்கு ரசீது சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். வைத்திய அறிக்கை, சத்தியக் கடதாசி, ஊரிலிருந்து வந்த கடிதம் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. வழக்கு வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒரே பழக்கம் மிஞ்சுகிறது: நிரூபிக்க முடிந்ததை மட்டும் சொல்வது. நிரூபிக்க முடியாததை மனைவிக்கும் சொல்வதில்லை, பிள்ளைக்கும் சொல்வதில்லை. பிள்ளைக்குத் தகப்பனின் கோபம் மட்டும் தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

அணியும் சிற்பத்தின் பயன் எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. அது சாட்சியம் அல்ல. எந்தத் தீர்ப்பாயமும் அதை ஏற்காது, ஏற்க வேண்டியதும் இல்லை. திகதி கேட்காமல், ஒழுங்கு கேட்காமல், முரண்பாடு தேடாமல் ஒருவர் தன் நிலையைச் சொல்லக்கூடிய வடிவம் அது. நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று சொல்பவரிடம் எவ்வளவு பாரம் என்று கேட்டால் பதில் வராது. துணியும் கல்லும் கொடுத்து அந்தப் பாரத்தைச் செய்து காட்டுங்கள் என்றால் கை வேலை செய்யத் தொடங்கும்.

காவடியும் இறக்கி வைப்பதும்

இது வெள்ளைக்காரரின் வேலை, நமக்கு ஒத்துவராது என்று ஒரு பேச்சு வரும். நேர்த்திக்காகத் தோளில் ஒரு கட்டமைப்பைச் சுமந்து, உடலை வருத்தி, ஊர் பார்க்க நடப்பது நமக்குப் புதிதா? ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்கு வருடாவருடம் ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அங்கே காவடி எடுப்பவர்கள் எல்லோரும் பரீட்சைப் பாஸுக்காக எடுப்பதில்லை. சொல்ல முடியாத ஒன்றுக்காக எடுப்பவர்களும் உண்டு.

கிழக்கில் போர்க்காலத்தில் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்பவர்களிடம் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் போனதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். வெளியே பேசினால் ஆபத்தாக இருந்த காலத்தில், அந்தச் சடங்கில் மட்டும் இழப்பைப் பற்றிப் பேச முடிந்தது என்பது அந்த ஆய்விலிருந்து விளங்கும்.

காவடி கலை அல்ல, பக்தி. சிற்பத்தோடு அதைக் குழப்பவேண்டியதில்லை. ஆனால் காவடியில் ஒரு விஷயம் இருக்கிறது. கோயில் வாசலில் எடுத்தவர் அதைக் கோயிலிலேயே இறக்கி வைக்கிறார். யாரும் காவடியோடு வீட்டுக்குப் போய்ப் படுப்பதில்லை. எடுப்பதற்கு ஒரு நேரம், கூட நடக்க ஆட்கள், இறக்குவதற்கு ஓர் இடம் உண்டு. அணியும் சிற்பத்திலும் இதுவே முக்கியம் என்று நினைக்கிறேன். உடம்புக்குள் இருக்கும் பாரத்தைக் கழற்ற முடியாது. செய்து அணிந்த பாரத்தைக் கழற்றி மேசையில் வைக்கலாம். சுற்றிவந்து பார்க்கலாம். இன்னொருவர் தூக்கிப் பார்க்கலாம். மகள் அதைத் தோளில் போட்டுப் பார்த்து, "அப்பா, இவ்வளவு பாரமா?" என்று கேட்கலாம்.

எங்கே கவனம் வேண்டும்

நல்லது சொன்னதோடு ஆபத்துகளையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, இது வைத்தியத்துக்கு மாற்று அல்ல. தற்கொலை எண்ணம் உள்ளவருக்கும், இரவில் நித்திரையே இல்லாதவருக்கும் வைத்தியர் தேவை, சிலவேளை மாத்திரை தேவை. நியூஷாத்தெலிலும் சீட்டு எழுதுவது வைத்தியர்தான்.

இரண்டாவது, எல்லாப் பொருளும் எல்லா உடம்புக்கும் ஏற்றதல்ல. இலங்கையில் தடுப்பில் இருந்த பலருக்குப் பெற்றோல் ஊற்றிய பொலித்தீன் பையைத் தலையில் போட்டு மூச்சுத் திணற வைத்த கொடுமை நடந்தது மனித உரிமை அறிக்கைகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்டவரின் முகத்தில் கவசம் மாட்டச் சொன்னால் பழைய அறைக்கே அவரைத் திருப்பி அனுப்பியதாகிவிடும். கையைக் கட்டும் கயிறு, கண்ணை மறைக்கும் துணி, சூடான பசையின் மணம் எல்லாவற்றிலும் கவனம் வேண்டும். ஆகவே பயிற்சி பெற்ற கலைச் சிகிச்சையாளர் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. பிரித்தானியாவில் அந்தப் பட்டத்தைச் சட்டப்படி பதிவு செய்தவர் மட்டுமே பயன்படுத்தலாம். பதிவு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, காட்சிப்படுத்துவது. ஆக்னஸ் ரிக்டரின் சட்டையைச் சேர்த்துவைத்த அதே சேகரிப்பிலிருந்து, நாசிகள் 1938இல் நோயாளிகளின் படைப்புகளை எடுத்து, தாங்கள் வெறுத்த நவீன ஓவியங்களின் பக்கத்தில் வைத்து, பாருங்கள் இரண்டும் ஒன்றுதான் என்று கேலி செய்தார்கள். ஒருவரின் மனக்காயம் இன்னொருவரின் கையில் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அது உதாரணம். நம் காலத்தில் அந்தக் கை முகநூல். செய்தவரின் விருப்பம் இல்லாமல் ஒரு படம்கூட வெளியே போகக் கூடாது. ஊரில் உறவினர் உள்ளவர்களுக்கு இது மானப் பிரச்சினை மட்டுமல்ல, பாதுகாப்புப் பிரச்சினையும்கூட.

நான்காவது, போட்டி. நியூசிலாந்தில் 1987இல் நெல்சன் நகரில் சூசி மொன்கிரிஃப் தொடங்கிய அணியும் கலைப் போட்டி இன்று வெலிங்டனில் பெரும் மேடை நிகழ்ச்சியாக நடக்கிறது. அது நல்ல கலை விழா. ஆனால் நாம் எதைத் தொடங்கினாலும் முதலாம் பரிசு, இரண்டாம் பரிசு, பிரதம விருந்தினர், பொன்னாடை என்று முடிக்கும் பழக்கம் உள்ளவர்கள். துக்கத்துக்குப் புள்ளி போட முடியாது.

செலவு எவ்வளவு?

பல சங்கங்களின் வருடாந்தக் கணக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மண்டபம், ஒலிபெருக்கி, சாப்பாடு, ஊரிலிருந்து வரும் பாடகரின் விமானச்சீட்டு, விளையாட்டுப் போட்டிக் கேடயம் எல்லாவற்றுக்கும் நிரல் இருக்கிறது. அங்கத்தவர்களின் மனநலம் என்று ஒரு நிரலை நான் இன்னும் கண்டதில்லை.

ஒரு சிறிய மதிப்பீடு தருகிறேன். 12 பேர், 10 வாரம், வாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம். சிகிச்சையாளருக்கு மணிக்கு 60 பவுண் என்று வைத்துக்கொண்டால் 1,500 பவுண். பழைய சேலை, கம்பி, பத்திரிகைத்தாள், பசை, நூல் என்று ஆளுக்கு 20 பவுண் வீதம் 240. தேநீருக்கு வாரம் 15 வீதம் 150. மொத்தம் 1,890. தமிழ்ப்பள்ளி நடக்கும் சனிக்கிழமையிலேயே ஒரு வகுப்பறையைப் பிடித்துக்கொண்டால் தனியாக வாடகை இல்லை. எதிர்பாராத செலவுக்கு 110 பவுண் சேர்த்தாலும் 2,000க்குள் முடியும். நான் பார்த்த பல பொங்கல் விழாக்களின் செலவு இதைவிடக் கூட.

ஆட்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தையல் மெசினின் முன்னால் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்கள் இன்று ஐரோப்பாவில் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறார்கள். ரிக்டருக்குத் தெரிந்த வேலை அவர்களுக்கும் தெரியும். பல்கலைக்கழகத்தில் கலையும் உளவியலும் படிக்கும் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளும் இப்போது இருக்கிறார்கள். அம்மம்மா தைக்க, பேத்தி கம்பி வளைக்க, இருவரும் ஒரு மேசையில் இருந்தாலே வீட்டில் நடக்காத கதை அங்கே நடக்க வாய்ப்பு உண்டு.

"விசர்" என்ற சொல்லுக்குப் பயந்து, பிள்ளையின் கலியாணம் குழம்பிவிடும் என்று பயந்து, உதவி கேட்காமல் இருப்பவர்கள் நம்மிடம் நிறைய. மனநல வகுப்பு என்று அறிவித்தால் ஒருவரும் வரமாட்டார்கள். தையலும் கைவேலையும் என்று அறிவித்தால் வருவார்கள். ஆனால் அங்கே என்ன நடக்கும் என்பதை வருபவரிடம் முதல் நாளே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே எத்தனையோ அறைகளில் காரணம் சொல்லாமல் உட்கார வைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

சுவிஸில் இருப்பவர்கள் தங்கள் வைத்தியரிடம் நியூஷாத்தெல் திட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் குடும்ப வைத்தியரின் நிலையத்தில் கலை வகுப்புக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டா, தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கும்போது, அந்த 2,000 பவுணுக்கு ஒரு நிரல் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று கை தூக்குபவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்போம்.